இருட்டியபின் வண்டியை இழுக்காதீர்கள்

அன்புள்ள டிராக்டர் உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும்,

நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வண்டி வைத்திருப்பவர்களும் அதை ஓட்டிப் பிழைப்பவர்களுமான உங்களுக்குத்தான் எழுதுகிறேன். குறுவை வயல்கள் பச்சை கட்டிவிட்டன. சம்பாவுக்கு நாற்றங்கால் வேலை தொடங்கப்போகிறது. இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் வண்டிகளுக்கு இரவு பகல் பாராத ஓட்டம் வந்துவிடும். அப்புறம் யார் சொல்வதையும் நின்று கேட்க உங்களுக்கு நேரம் இருக்காது. ஆகவே இப்போதே கேட்டுவிடுகிறேன். நடுவயலில் நின்றுபோன டிராக்டரை அன்றைக்கே, அந்த இருட்டிலேயே, கையில் கிடைத்த சங்கிலியைப் போட்டு வீட்டுக்கு இழுத்துவரும் வழக்கத்தை இந்தச் சம்பாவிலிருந்து விட்டுவிடுங்கள்.

அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சாயங்காலம் சேறடித்துக்கொண்டிருக்கிற வண்டி இருமி நிற்கிறது. டிரைவர் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டு முதலாளிக்கு போன் போடுகிறார். முதலாளி மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். மெக்கானிக் வேறோர் ஊரில் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். "காலையில வந்துடுறேண்ணே" என்கிறார். அந்தக் காலை வரை பொறுக்க மனம் வருவதில்லை. "மாப்ள, உன் வண்டியக் கொஞ்சம் கொண்டா, இழுத்துப் போட்டுடுவோம்" என்று அடுத்த அழைப்பு போகிறது. மாப்பிள்ளை வந்து, சங்கிலி தேடிப் பிடித்து, எல்லோரும் வயலில் இறங்கும்போது பொழுது அடைந்துவிடுகிறது.

உங்கள் அவசரத்தில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கிற வருஷமானாலும் தள்ளித் திறக்கிற வருஷமானாலும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டியிருக்கிறது. முறை வைத்து விடுகிற தண்ணீர் உங்களுக்காகக் காத்திருக்காது. வாக்குக் கொடுத்தவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டு வேறு வண்டியைத் தேடிப் போய்விடுவார்கள். ஆறு மாதத்துக்கொரு தவணை கழுத்துக்கு நேரே நிற்கிறது. இவ்வளவையும் சுமந்துகொண்டு வரப்பில் நிற்கிறவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது சுலபம். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். ராத்திரி எட்டரை மணிக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இழுத்துவந்த வண்டி, அதன்பிறகு என்ன செய்கிறது? உங்கள் வீட்டு வாசலில் நின்று அதே மெக்கானிக்குக்காக அதே காலை வரை காத்திருக்கிறது. ஒரு மணி நேரம்கூட மிச்சமாகவில்லையே! மெக்கானிக் வாசலுக்கு வருவதற்குப் பதில் வயலுக்கு வந்திருப்பார்; அவ்வளவுதான் வித்தியாசம்.

அதோடு, நின்ற வண்டிகளில் பல வீட்டுக்கு வரவேண்டியவையே இல்லை. டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது வண்டி சேற்றில் ஒருபக்கம் சாய்ந்தால் குழாய் டீசலுக்குப் பதில் காற்றை உறிஞ்சிவிடும். எஞ்சின் திணறி அணைந்துவிடும். கேன் டீசலைக் கொண்டுவந்து ஊற்றியும் கிளம்பாது. உடனே "பம்ப் போச்சு" என்று முடிவுகட்டி ஆளுக்கு போன் போடுகிறோம். ஃபில்டர் தலையில் இருக்கிற ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை நுரையாக வரும். நுரை அடங்கி, குமிழி இல்லாமல் டீசல் வடியத் தொடங்கியதும் இறுக்கிவிடவேண்டும். பிறகு பம்ப்பில் இருக்கிற ஸ்க்ரூவிலும் அப்படியே. பெரும்பாலும் அதோடு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இதற்கு வேண்டியது ஒரு ஸ்பானர், கொஞ்சம் நிதானம். பூத்துப்போன பேட்டரி டெர்மினல், போன ஃப்யூஸ், இழுத்தபடியே திரும்பாமல் நின்றுவிட்ட ஸ்டாப் கேபிள், வைக்கோல் தூசி அடைத்த ரேடியேட்டர், இவற்றுக்கும் அப்படித்தான். உரிமையாளர்களே, உங்களில் சிலர் டிரைவர் ஸ்பானரைத் தொட்டால் கோபப்படுகிறீர்கள். எதையாவது கெடுத்துவிடுவார் என்று பயம். பத்து லட்ச ரூபாய் வண்டியை நம்பிக் கொடுத்தவரிடம் ஒரு ஏர் ஸ்க்ரூவை நம்பிக் கொடுக்காமல் இருப்பது என்ன கணக்கு? மெக்கானிக் வரும்போது பக்கத்தில் நிறுத்தி அவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

கிளட்ச் பிளேட் எரிந்துவிட்டது, முன் அச்சின் சென்டர் பின் முறிந்துவிட்டது, கியர் பாக்ஸில் பல் போய்விட்டது என்றால் இழுக்கத்தான் வேண்டும். பகலில் இழுங்கள். இழுக்கும்போது சங்கிலியை எங்கே மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். இந்தக் கடிதத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பத்தியைப் படித்துவிடுங்கள். இழுக்கிற வண்டியில் சங்கிலி மாட்டுவதற்கென்றே இருப்பது அச்சுக்குக் கீழே இருக்கிற டிராபார். அங்கே மாட்டினால், பாரம் மீறும்போது பின்சக்கரம் வழுக்கும்; வண்டி எழும்புவது அரிது. அதே சங்கிலியை அச்சைச் சுற்றியோ, அதற்கும் மேலே டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ கட்டினால், பின்னால் இருக்கிற இரண்டு டன் வண்டியும், அதைப் பிடித்துவைத்திருக்கிற களியும் சேர்ந்து முன்னால் இருப்பதை மல்லாக்க இழுக்கும். முன்சக்கரம் எழும்பத் தொடங்கி முக்கால் விநாடிக்குள் வண்டி திரும்பிவர முடியாத இடத்துக்குப் போய்விடும். ஒன்றரை விநாடியில் ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்து கிடக்கும். கிளட்சை மிதிக்கவேண்டும் என்று மூளைக்குத் தோன்றி, அது காலுக்கு எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இது ஓட்டுகிறவரின் அனுபவத்தைப் பொறுத்த விஷயமே இல்லை. முப்பது வருஷம் ஓட்டியவருக்கும் அதே முக்கால் விநாடிதான்.

போன தாளடியில் கோரையாற்றுக் கரையோரம் ஒரு வயலில் இப்படி இழுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயலிலிருந்து கரைக்கு ஏறுகிற சரிவு. முன் வண்டியின் அச்சில் சங்கிலி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அது விறைத்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு முழம் மேலே வந்தன. வந்து அந்தரத்தில் மெல்லச் சுழன்றன. டயரில் அப்பியிருந்த களி கட்டி கட்டியாக உதிர்ந்தது. ஓட்டியவர் எப்படியோ கிளட்சை மிதித்துவிட்டார். வண்டி தொப்பென்று இறங்கியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். மறுநாள் டீக்கடையில் அது அந்த டிரைவரின் சாமர்த்தியமாகப் பேசப்பட்டது. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அடுத்த வண்டிக்கும் அச்சில்தான் சங்கிலி சுற்றப்போகிறார்கள். ஒன்றும் ஆகாமல் தப்பிய ஒவ்வொரு தடவையும் நமக்கு வழக்கமாகிவிடுகிறது. தப்பாதவர்களைப் பற்றி மாவட்டச் செய்திப் பக்கத்தில் நாலு வரி வருகிறது: டிராக்டர் கவிழ்ந்து ஓட்டுநர் பலி. அந்தத் தலைப்பை நீங்கள் எத்தனை தடவை படித்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டை கட்டுகிற பழக்கத்தையும் சொல்லவேண்டும். வண்டி சேற்றில் இறங்கிவிட்டால் பின்சக்கரங்களுக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டையைக் கட்டி முதல் கியரில் விடுகிறீர்கள். சக்கரம் கட்டையை அடியில் சுருட்டி, அதன்மேல் ஏறி வெளியே வரும் என்பது எதிர்பார்ப்பு. சில சமயம் வரவும் செய்கிறது. வராதபோது கட்டை களியில் குத்தி நின்றுவிடும். சக்கரம் சுற்ற முடியாது. எஞ்சின் மட்டும் தன் வேகத்தை விடாது. சக்கரம் சுற்றாதபோது அந்தச் சக்தி அச்சைச் சுற்றி வண்டியின் உடம்பைத்தான் சுற்றும். மூக்கு மேலே போகும். சங்கிலியே இல்லாமல், தனியாக நின்ற வண்டி மல்லாந்து கவிழ்வது இப்படித்தான். சுவீடனில் 1959-ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் கவிழ்ந்தால் தாங்குகிற இரும்புச் சட்டம் இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நம் வயலில் ஓடுகிற பெரும்பாலான வண்டிகளில் அது கிடையாது. வெயிலுக்குப் போட்டிருக்கிற கூரையைப் பார்த்து அது காப்பாற்றும் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெயிலை மட்டும்தான் தாங்கும்.

புதைந்த வண்டியை எடுக்க நம்மிடம் நல்ல வழிகள் இல்லாமல் இல்லை. ரோட்டவேட்டரைக் கழற்றி வையுங்கள். மடையை வெட்டித் தண்ணீரை ராத்திரியோடு வடியவிடுங்கள். காலையில் நாலு சக்கரத்தையும் சுற்றி மண்வெட்டியால் களியை எடுத்துவிட்டு, சக்கரத்துக்கு அடியில் தென்னைமட்டையையும் வைக்கோலையும் திணித்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். இழுக்கவேண்டியிருந்தால், இழுக்கிற வண்டி கெட்டித் தரையில் நிற்கட்டும். நீளமான கம்பி வடத்தைக் கீழே மாட்டி, வெட்டி இழுக்காமல் மெல்ல இழுக்கட்டும். இழுபடுகிற நேரத்தில் வடத்தின் நீளத்துக்குப் பக்கத்தில் ஒருவர்கூட நிற்கக்கூடாது. நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். அது நீண்டு நீண்டு கொடுத்துவிட்டு அறுபடும்போது, முனையில் இருக்கிற கொக்கி எதிரே நிற்பவரின் மண்டையைப் பிளக்கிற வேகத்தில் திரும்பி வரும்.

இனி, பின்னால் இழுபடுகிற வண்டியில் யார் உட்காருகிறார்கள் என்ற விஷயம். எனக்கு மிகுந்த வேதனை தருவது இதுதான். அனுபவமுள்ள டிரைவர் முன் வண்டிக்குப் போய்விடுகிறார். பின் வண்டியில் வேலை ஒன்றும் இல்லை, சும்மா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று சொல்லி, வேடிக்கை பார்க்க வந்த பத்தாம் வகுப்புப் பையனை ஏற்றிவிடுகிறீர்கள். அவனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு வண்டியில் கடினமானது அவனுடையது. பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் எஞ்சின் அணைந்துவிட்டால் இரண்டு கையாலும் பலம்கொண்டு முறுக்கினால்தான் சக்கரம் அசையும். சங்கிலிக்கு இழுக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. முன் வண்டி நின்றால் அவன் நிறுத்தவேண்டும். அவனிடம் இருப்பது பிரேக் மட்டும். அந்தப் பிரேக்கும் வயலில் திருப்புவதற்காக இடது தனி, வலது தனி என்று பிரித்து விட்டபடியே இருக்கும். இரண்டு மிதியையும் இணைக்கிற கொக்கியை யாரும் போட்டிருக்கமாட்டார்கள். பதற்றத்தில் அவன் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சட்டென்று திரும்பும். நம் வாய்க்கால் கரையில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பள்ளம். அவன் எங்கே போவான்?

ஆகையால் பின் வண்டியில் உட்காருகிறவர் உங்கள் ஊரிலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருக்கட்டும். மட்கார்டில் ஒருவர், ஏர்கலப்பை மாட்டும் இடத்தில் ஒருவர் என்று யாரும் தொற்றிக்கொள்ள வேண்டாம். கியரும் ஹை-லோ லீவரும் நியூட்ரலில் இருக்கின்றனவா, பி.டி.ஓ. விடுபட்டிருக்கிறதா, பிரேக் கொக்கி போட்டாயிற்றா என்று கிளம்புமுன் அவரே பார்க்கட்டும். ஃபுல் கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறவே வேண்டாம். வயலோரத்திலேயே கழற்றி டயரை மாட்டுங்கள். சாலையில் இழுத்துச் செல்வதற்குச் சட்டமே வழி சொல்லியிருக்கிறது. 2017 வரை நடைமுறையில் இருந்த 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில், இழுபடுகிற வண்டியின் இருக்கையில் உரிமம் உள்ள ஓட்டுநர் இருக்கவேண்டும், இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் இருந்தது. நம் கரைச் சாலைகளுக்கு அந்த 24-ம் அதிகம். ஆள் நடக்கிற வேகத்தில் போங்கள். இருட்டில் பின்விளக்கு இல்லாத ஒரு வண்டி, அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலி, அதற்கும் முன்னால் இன்னொரு வண்டி. எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவர் நடுவில் இடைவெளி இருக்கிறது என்று நினைத்துக் குறுக்கே புகுந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

ராத்திரி வயலில் விட்டால் திருடு போகும் என்கிறீர்கள். பேட்டரியைக் கழற்றி பைக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். டூல் பாக்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாத, உடைந்த வண்டியை ஓட்டிப்போக யாரும் வரமாட்டார்கள். சைலன்சர் வாயில் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்துவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். தூக்கியபடி விட்டுவந்தால் ஹைட்ராலிக் இறங்கும்போது யாராவது கீழே இருந்துவிடக்கூடும். அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால் பம்புசெட் கொட்டகையில் ஓர் ஆளைப் படுக்கச் சொல்லி ஒரு ராத்திரிக் கூலி கொடுத்துவிடுங்கள்.

உரிமையாளர்களிடம் தனியாக ஒன்று சொல்லவேண்டும். வண்டி நின்ற நாளுக்கு டிரைவருக்குச் சம்பளம் பிடிக்கிறீர்கள். ஓடிய நேரத்துக்குத்தான் படி. வண்டி நின்றதும் அவர் முதலில் கேட்பது, "எப்படிடா நிறுத்தின?" என்கிற உங்கள் குரல். பத்து நாள் சேற்றில் தூக்கமில்லாமல் உழுதவர், தன் தப்பால் நின்றதாக ஆகிவிடக்கூடாதே என்கிற பதற்றத்தில், எந்தச் சங்கிலியை எங்கே மாட்டச் சொன்னாலும் மாட்டுவார். கட்டையைக் கட்டச் சொன்னாலும் கட்டுவார். "வேண்டாம்ணே, காலையில பாத்துக்கலாம்" என்று சொல்கிற தைரியம் அவருக்கு வரவேண்டுமானால், அந்த ஒரு நாள் சம்பளம் அவருக்கு உறுதியாக இருக்கவேண்டும். ஓட்டுநர்களே, நீங்களும் அதைச் சொல்லிப் பழகுங்கள். இருட்டில் இழுக்க மறுத்ததற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால், அந்த ஊரில் வேறு எந்த ஓட்டுநரும் அந்த வண்டியில் ஏறக்கூடாது.

கடைசியாக என் கோரிக்கை. ஆவணி முடிவதற்குள் உங்கள் ஊரில் வண்டி வைத்திருப்பவர்களும் ஓட்டுகிறவர்களும் ஒரு சாயங்காலம் ஒன்றாக உட்காருங்கள். இரண்டு முடிவு எடுங்கள். முதலாவது, விளக்கு வைத்தபிறகு நம் ஊரில் யாரும் யாருடைய வண்டியையும் இழுக்கப் போவதில்லை. சொந்த மச்சான் கூப்பிட்டாலும் சரி. இழுக்க வருகிற இரண்டாவது வண்டிக்காரர் மறுத்துவிட்டால் இது தானாக நின்றுவிடும். அதனால் இந்த வாக்கை அவரிடமிருந்துதான் முதலில் கேட்கிறேன்.

இரண்டாவது, ஊருக்குப் பொதுவாக ஓர் இழுவைக் கம்பி. சங்கிலி வேண்டாம். கனமான இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் டிராபார் பின் நுழைகிற வளையம், 5 மீட்டருக்குள் நீளம். கம்பியாக இருந்தால் சரிவில் இறங்கும்போதும் பின் வண்டி முன் வண்டியின்மேல் வந்து இடிக்காது. உங்கள் பக்கத்துப் பட்டறையிலேயே வெல்டிங் வைத்துக் கொடுப்பார்கள். வளையத்தில் ஒற்றைத் தையலோடு விட்டுவிடாமல் சுற்றிலும் முழு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். சிவப்பும் வெள்ளையுமாக பெயின்ட் அடியுங்கள். செலவை வண்டிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். கூட்டுறவுச் சங்கத்தில் வேளாண் கருவி வாடகை மையம் இருக்கிற ஊராக இருந்தால், அதை அங்கேயே வைக்க முடியுமா என்று செயலாளரிடம் மனுக் கொடுங்கள். இல்லாத ஊரில் பூட்டுப் போடாத ஏதாவது ஒரு கொட்டகையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சாத்தி வையுங்கள். கூடவே கம்பி வடம் ஒன்று, டிராபார் பின் இரண்டு, சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டிய பலகை ஒன்று. எடுத்துப்போனவர் மறுநாளே கொண்டுவந்து வைத்துவிடவேண்டும்.

இப்படிக்கு,
கோரையாற்றுப் பாசனத்தில் உங்களைப் போலவே ஒரு வண்டி வைத்திருக்கும் விவசாயி